நின்றுபோன குதிரையேற்றத்தை மறுபடி தொடங்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பரணில் கிடந்த சவாரி பூட்ஸை இறக்கிப் பார்த்தபோது அதன் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. நான் கடைசியாகக் குதிரை ஏறி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அந்த வகை சோல் அத்தனை நாள் தாங்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு, "உன் காலம் முடிந்துபோச்சு" என்று பூட்ஸே சொல்வதுபோல் இருந்தது. திரும்பப் பரணில் போட்டுவிட்டேன். இன்னும் ஒரு வருடம் போனது.

அந்த ஒரு வருடத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆசை முழுசாக வரட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பயம்தான் வளர்கிறது. பிறகு ஒருநாள் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவள், லாயத்தின் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சாணமும் புல்லும் தோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வயிற்றில் என்னவோ புரண்டது. பத்து வருடமாகத் தேடியது அங்கேதான் இருந்தது. அதனால் என் யோசனை இதுதான்: முதலில் போங்கள், பிறகு தொடுங்கள், பிறகு ஏறுங்கள். ஊக்கம் நடுவில் எங்கேயாவது வந்து சேர்ந்துகொள்ளும்.

ஏற்கெனவே ஓரளவு பழகி, வாக் (நடை), ட்ராட் (துள்ளு நடை), கொஞ்சம் கேன்டர் (மிதமான பாய்ச்சல்) வரை போய், பிறகு விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஏன் நின்றது என்று எழுதிப் பாருங்கள்

கேட்டால் எல்லோரும் "நேரமில்லை" என்போம். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நடந்தது வேறு. ட்ராட்டில் போய்க்கொண்டிருந்த குதிரை எதையோ பார்த்து மிரண்டு சட்டென்று பக்கவாட்டில் விலகியது. நான் விழுந்தேன், காறை எலும்பு முறிந்தது. சில வாரங்களில் எலும்பு கூடிவிட்டது. நான் மட்டும் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் எல்லாம் வரிசையாக வந்து அந்தப் பயத்தின் மேல் போர்வை போர்த்திவிட்டன.

ஒரு தாளில் உண்மையான காரணத்தை எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். காரணம் தெரிந்தால்தான் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். விழுந்த பயம் என்றால் நிதானமும் நல்ல ஆசிரியரும் வேண்டும். பிரசவம், எடை, முதுகுவலி என்று உடம்பு மாறியிருந்தால் தரையில் செய்யும் பயிற்சிதான் முதல் வேலை. பணம்தான் தடை என்றால் மாதம் இரண்டு வகுப்பே போதும். மற்ற வாரங்களில் லாயத்தில் போய்க் கைவேலை செய்யலாம். ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றிச் சலித்துப்போனவர்கள் வேறு வகைக்கு மாறலாம். டிரஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக்காட்டுவது), தாண்டுதல், காட்டுப்பாதை சவாரி என்று எத்தனையோ இருக்கிறது.

பிரியமான குதிரை செத்துப்போனதால் நிறுத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னொரு குதிரையில் ஏறுவது துரோகம் மாதிரி உறுத்தும். அதே நிறம், அதே உயரம் உள்ள குதிரையில் தொடங்காதீர்கள். முடிந்தால் அதே லாயத்திலும் தொடங்க வேண்டாம். மனம் ஒவ்வொரு நிமிடமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், பாவம் அந்தப் புதுக் குதிரைக்கும் அது நியாயமில்லை.

இரண்டாம் படி: லாயத்துக்குப் போங்கள், ஏறாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிக்கொண்டு, காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில்தான் லாயம் லாயமாக இருக்கும். தண்ணீர் வாளிச் சத்தம், தீவனத்துக்காகக் காலால் தரையைத் தட்டும் குதிரைகள், ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லும் கனைப்பு.

நான் போன முதல் நாள், ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்ற வீம்போடு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்த வயதான சைஸ் என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஏற வேணாம் மேடம். சும்மா தேச்சு விடுங்க, அது உங்களைப் பார்க்கட்டும்" என்று ரப்பர் பிரஷைக் கையில் கொடுத்தார். குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களுக்கு, நூறு வகுப்பு எடுத்த ஆசிரியருக்குத் தெரியாதது தெரிந்திருக்கும். அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

மறந்துபோயிருக்கக்கூடிய சில விஷயங்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பது தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். முதலில் கழுத்திலும் தோளிலும் கை வையுங்கள். முகத்தில் தட்டிக்கொடுக்கும் பழக்கம் வேண்டாம். ரப்பர் பிரஷால் வட்டவட்டமாகத் தேய்த்துத் தூசியைக் கிளப்பி, நார் பிரஷால் முடி போகும் திசையில் தள்ளிவிடுங்கள். குளம்பைத் தூக்க, தோளிலிருந்து கையை மெதுவாகக் கால் வழியே இறக்குங்கள். கணுக்கால் வரும்போது பழகிய குதிரை தானாகக் காலைத் தரும்.

அந்தக் காலைத் தரும் நொடி இருக்கிறதே, நானூற்றைம்பது கிலோ உயிர் தன் காலை நம் கையில் நம்பிக் கொடுக்கிறது. எனக்கு அன்று கண் நிறைந்துவிட்டது. ஏறவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை எப்போது வரும் என்று எண்ண ஆரம்பித்தேன்.

இரண்டு மூன்று முறை இப்படிப் போய் வாருங்கள். ஹால்ட்டர் (தலையில் மாட்டும் வார்) மாட்டி, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். நிறுத்துங்கள், திருப்புங்கள், இரண்டடி பின்னால் போகச் சொல்லுங்கள். தரையில் நம் பேச்சைக் கேட்ட குதிரையின் மேல் ஏறும்போது பாதிப் பயம் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

மூன்றாம் படி: உடம்பைத் தயார் செய்யுங்கள்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் ஆபத்து ஒன்று புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குக் கிடையாது. கேன்டர் எப்படி இருக்கும் என்பது நம் மூளைக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதைத் தாங்கிய தொடையும் வயிறும் இப்போது இல்லை. நினைவு முன்னால் ஓடும், தசை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். திரும்பி வந்தவர்கள் முதல் மாதத்தில் விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் என்பது நான் பார்த்தவரை.

ஏறுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள், இருபது நிமிடம் போதும். ஸ்குவாட், பிளாங்க், ஒற்றைக் காலில் நிற்பது, இடுப்பையும் உள்தொடையையும் இளக்கும் நீட்டல்கள். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கி அரை நிமிடம் நில்லுங்கள். அங்கவடியில் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) குதிகால் இறங்கி நிற்பதற்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. தினமும் வேகமாக நடப்பதும் உதவும், ட்ராட்டில் முதலில் காலியாவது மூச்சுதான்.

முதுகெலும்பு, இடுப்பு, தலைக்காயம், சமீபத்திய பிரசவம், அறுவை சிகிச்சை என்று எதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே. குதிரையேற்றம் என்று சும்மா சொல்லாமல் குலுங்கல் எப்படி இருக்கும், விழ வாய்ப்பு உண்டு என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள். லாயத்து மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும், ஆகவே கடைசியாக ஊசி போட்டு பத்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை பற்றிக் கூச்சப்படாமல் பேசுவோம். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பலர் பின்பற்றும் கணக்கு. 450 கிலோ குதிரை என்றால் மொத்தம் 90 கிலோ. அதற்கு மேல் இருந்தால் பெரிய குதிரை உள்ள இடத்தைத் தேடலாம், அல்லது எடை குறையும்வரை தரைவேலை செய்யலாம். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. குதிரையின் முதுகைப் பற்றி யோசிப்பவர் நல்ல சவாரிக்காரர்.

உடம்பு ஒத்துழைக்காது என்று தோன்றும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டலை. 1944இல் கர்ப்பமாக இருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்தன. அவர் தவழ்ந்து, பிறகு ஊன்றுகோலில் நடந்து, பிறகு பிறர் தூக்கி உட்காரவைக்கக் குதிரை மேல் ஏறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் முதல்முறையாக டிரஸ்ஸாஜில் பெண்களை அனுமதித்தார்கள். அதில் ஜூபிலி என்ற தன் குதிரையோடு வெள்ளி வாங்கினார், 1956இல் மறுபடி வெள்ளி. காலால் சொல்ல முடியாததை உட்காரும் எடையை மாற்றிச் சொன்னார், ஜூபிலி அதைப் புரிந்துகொண்டது. அவருடைய பதக்கத்தைவிட, போலியோவுக்கும் முதல் போட்டிக்கும் நடுவிலே இருந்த அந்தத் தவழ்ந்த மாதங்கள்தான் என்னை உலுக்குகின்றன.

நான்காம் படி: பொருட்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட் வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, ஒரே ஒரு முறை பலமாக அடி வாங்கியிருந்தாலோ தூக்கிப் போடுங்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். குதிரையேற்றத்துக்கென்று தரச்சான்று பெற்றதைத்தான் வாங்க வேண்டும். பைக் ஹெல்மெட்டும் கிரிக்கெட் ஹெல்மெட்டும் உதவாது. பழைய பூட்ஸை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள், என்னுடையதைப்போல உதிர்ந்தால் உங்களுக்கும் புதுசு. சிறிய குதிகால் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஓடும் ஷூ வேண்டாம். பேன்ட்டுக்கு இப்போதைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், உள்பக்கம் தடித்த தையல் இல்லாத இறுக்கமான காட்டன் பேன்ட் போதும்.

ஐந்தாம் படி: இடமும் குதிரையும் ஆசிரியரும்

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தொட்டியில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா? சேணம் படும் இடத்தில் புண் இருக்கிறதா? ஆசிரியர் கத்துகிறாரா, விளக்குகிறாரா? பயந்த மாணவரைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் காலை வைக்காதீர்கள், எவ்வளவு பேர்பெற்ற இடமாக இருந்தாலும் சரி.

ஆசிரியரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். "முன்னாடி ஓட்டியிருக்கேன்" என்று மட்டும் சொன்னால் பழைய நிலைக்கு ஏற்ற குதிரையைக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை வருட இடைவெளி, எப்படி விழுந்தேன், எதைக் கண்டால் பயம், இவற்றைச் சொல்லிவிட்டு, "முதல் சில வகுப்புகளுக்கு லன்ஜ் கயிற்றில் ஓட்டுகிறேன்" என்று நீங்களே கேளுங்கள். லன்ஜ் என்றால் ஆசிரியர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவது. வேகமும் திசையும் அவர் பொறுப்பு, உட்காரும் விதம் மட்டும் நம் பொறுப்பு. சின்னக் குழந்தைகளுக்கானது என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில் இளம் வீரர்களைத் தொடக்கத்தில் நெடுங்காலம் கடிவாளமும் அங்கவடியும் இல்லாமல் லன்ஜ் கயிற்றில்தான் உட்காரப் பழக்குகிறார்கள்.

நம் ஊர்ப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகள் நிறைய. அருமையான குதிரைகள், எனக்கு அவை மேல் தனிப் பிரியம். ஆனால் ஓடவே பழக்கியவை. முதல் மாதத்துக்கு வயதான, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஒரு குதிரையைக் கேளுங்கள். மந்தமான குதிரை என்று யாராவது சொன்னால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மறுபடி ஏறும் நாள்

ஏறுவதற்கு முன் வயிற்றுப் பட்டையை நீங்களே சரிபாருங்கள். சில குதிரைகள் பட்டையை இழுக்கும்போது நெஞ்சை உப்பிக்கொள்ளும், அதனால் ஏறி ஐந்து நிமிடம் நடந்த பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அங்கவடி நீளத்துக்குப் பழைய கணக்குதான்: விரல் நுனியை வார் தொங்கும் கம்பியில் வைத்தால் அங்கவடி அக்குள்வரை வர வேண்டும். தரையிலிருந்து எக்கி ஏறாமல் ஏறுமேடையைப் பயன்படுத்துங்கள். நம் மூட்டுக்கும் நல்லது, குதிரையின் முதுகுக்கும் நல்லது.

முதல் நாள் வாக் மட்டும் போதும். போர் அடிக்குமே என்றால், ஒரு விளையாட்டு சொல்கிறேன். குதிரையின் பின்னங்கால் முன்னே வீசும்போது அந்தப் பக்கம் நம் இடுப்பு லேசாக இறங்கும். லன்ஜில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு "வலது, இடது, வலது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஆசிரியர் சரியா தவறா என்று சொல்லட்டும். ஐந்து நிமிடத்தில் இறுக்கம் எல்லாம் விட்டு, குதிரையின் கால்கள் நம் கால்கள் மாதிரி ஆகிவிடும்.

இருபது நிமிடத்தில் இறங்கிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருக்கும்போதே இறங்க வேண்டும், அந்த மிச்சம்தான் அடுத்த வாரம் உங்களைக் கூட்டிவரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் உள்தொடை வலியில் படி இறங்கவே முடியாது. அது தசை விழிக்கும் வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டிலோ முதுகுத்தண்டிலோ குத்தும் வலி என்றால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

ஏழாம் படி: பயத்தோடு சவாரி செய்வது

பயம் முதலில் மூச்சைப் பிடிக்கும். மூச்சு நின்றதும் முழங்கால் சேணத்தை இறுக்கும், உடம்பு முன்னால் கவியும், கை கடிவாளத்தை இழுக்கும். குதிரைக்கு இது மொத்தமும் "ஏதோ ஆபத்து" என்ற செய்தி. 2009இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், குதிரையோடு போய்க்கொண்டிருந்தவர்களிடம் அடுத்த சுற்றில் ஒரு குடையைச் சட்டென்று விரிக்கப்போகிறோம் என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு கூடியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் கூடியது.

அதனால் மூச்சிலிருந்து தொடங்குங்கள். நீளமாக வெளியே விடுங்கள். எனக்கு உதவியது சொற்கட்டு. வாக் நான்கு அடி, "தகதிமி". ட்ராட் இரண்டு அடி, "தக, தக". கேன்டர் மூன்று அடி, "தகிட, தகிட". சின்ன வயதில் பரதநாட்டிய வகுப்பில் சொன்னதைக் குதிரை மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சைப் பிடிக்க முடியாது. தாளம் தப்பினால் குதிரையின் வேகம் மாறுகிறது என்பதும் உடனே காதில் விழும். நாட்டியம் தெரியாவிட்டால் தெரிந்த பாட்டு எதையாவது பாடுங்கள், குதிரை குறை சொல்லாது.

கழுத்துப் பட்டை ஒன்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், பழைய அங்கவடி வார்கூடப் போதும். ஆட்டம் கொடுத்தால் குதிரையின் வாயை இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒற்றைக் கடிவாளத்தால் நிறுத்துவதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது வாக்கில் பழகுங்கள்: ஒரு பக்கக் கடிவாளத்தைச் சுருக்கி, குதிரையின் தலையை மெதுவாக உங்கள் முழங்கால் பக்கம் திருப்பி, வட்டத்தைச் சிறிதாக்கி நிறுத்துவது. முழு வேகத்தில் இதை வெடுக்கென்று செய்யக்கூடாது, குதிரை தடுமாறிவிடும். நிறுத்த எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை வந்த அன்றுதான் ஓட்டவும் தைரியம் வந்தது.

இங்கிலாந்தின் நிக் ஸ்கெல்டன் 2000ஆம் ஆண்டு விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, 2001இல் ஓய்வு அறிவித்தவர். மறு வருடமே திரும்பினார், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 58 வயதில் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இவர் பேரைச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: முதல் மூன்று மாதம்

வாரம் இரண்டு முறை போக முடிந்தால் நல்லது. ஒரு முறை என்றாலும் நாளை மாற்றாதீர்கள். முதல் மூன்று நான்கு வகுப்பு வாக்கும் லன்ஜும். பிறகு எழுந்து உட்காரும் ட்ராட்: குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது எழுந்து, பின்னே வரும்போது உட்கார வேண்டும். இது தாளத்தில் வர ஒரு மாதம் ஆகட்டும். ட்ராட்டில் பத்து நிமிடம் நிலையாக, கடிவாளத்தில் தொங்காமல் போக முடிந்த பிறகுதான் கேன்டர். அதையும் முதலில் லன்ஜில், ஒரே ஒரு சுற்று. என்னுடைய முதல் கேன்டர் பதினோராவது வகுப்பில் வந்தது. சரியாக எட்டுத் தாவல், நான் எண்ணினேன்.

ஆறாவது வாரத்தை ஒட்டி ஒரு சோர்வு வரும். புதுமை தீர்ந்திருக்கும், திறமை இன்னும் வந்திருக்காது, பழைய போட்டோவில் இருக்கும் ஆள் நம்மைவிட நேராக உட்கார்ந்திருப்பாள். அந்தப் போட்டோக்களைக் கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். பதிலாக ஒரு நோட்டில் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று வரி எழுதுங்கள்: குதிரை எப்படி இருந்தது, என்ன சரியாக வந்தது, அடுத்த முறை என்ன கேட்க வேண்டும். குதிரையைப் பற்றி முதலில் எழுதுவது முக்கியம், அப்போதுதான் கவனம் நம்மை விட்டு அதன் பக்கம் திரும்பும்.

ஊக்கம் சுத்தமாக வற்றிய நாளில் வகுப்பை ரத்து செய்யாமல், ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு லாயத்துக்கு மட்டும் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும் வாரங்களிலும் இதேதான். வெயில் காலத்தில் ஏழரை மணிக்குள் முடித்துவிடுங்கள். நமக்குத் தாங்கினாலும் குதிரைக்குத் தாங்காது.

வகுப்பு முடிந்ததும் இறங்கி, சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். பட்டையை ஒரு துளை தளர்த்தி, மூச்சு அடங்கும்வரை குதிரையை நடத்துங்கள். சேணத்தை எடுத்ததும் முதுகில் இருக்கும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் நேராக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள். சைஸ் அண்ணனிடம் அடுத்த வாரம் எத்தனை மணிக்கு, எந்தக் குதிரை என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.